பெர்ல் வலைச் செயலிகளில் வழுநீக்கம்

பெர்ல் வலைச் செயலிகளில் வழுநீக்கம் என்பது பெர்ல் நிரல்மொழியில் எழுதப்பட்டு, வலை வழங்கியின் ஊடாக இயங்கும் நிரல்களில் ஏற்படும் பிழைகளின் காரணத்தைக் கண்டறிந்து சரிசெய்யும் பணியாகும். கட்டளை வரியில் ஒழுங்காக இயங்கும் நிரல், வலை வழங்கியில் இயங்க மறுப்பது இத்துறையில் மிகப் பரவலாகக் காணப்படும் சிக்கல் ஆகும். நிரலர் இயக்கும் சூழலும் வழங்கி இயக்கும் சூழலும் வெவ்வேறானவை என்பதே பெரும்பாலும் இதற்குக் காரணம். இத்தகைய நிலையில் உலாவியில் தோன்றும் பிழைச் செய்தி உண்மைக் காரணத்தைக் கூறுவதில்லை. காரணம் வழங்கியின் பிழைப் பதிவேட்டில் எழுதப்பட்டிருக்கும்.

பின்னணி

பெர்ல் மொழியை லாரி வால் 1987ஆம் ஆண்டு வெளியிட்டார். உரைகளைக் கையாள்வதில் இம்மொழிக்கு இருந்த ஆற்றல் காரணமாக, 1990களில் வலைப்பக்கங்களை உருவாக்கும் நிரல்களை எழுத இது பெரிதும் பயன்படுத்தப்பட்டது. வலை வழங்கியும் வெளி நிரலும் தொடர்புகொள்வதற்கான பொது நுழைவாயில் இடைமுகம் எனும் சிஜிஐ, 1993இல் அமெரிக்காவின் இல்லினாய் பல்கலைக்கழகத்தில் அமைந்த என்சிஎஸ்ஏ மையத்தின் வலை வழங்கியுடன் அறிமுகமானது. இதன் 1.1 பதிப்பு 2004இல் ஆர்எஃப்சி 3875 ஆவணமாக வெளியிடப்பட்டது.

லிங்கன் ஸ்டைன் எழுதிய சிஜிஐ.பிஎம் என்னும் நிரற்கூறு 1997இல் வெளிவந்த பெர்ல் 5.004 பதிப்பிலிருந்து மொழியுடன் இணைத்தே வழங்கப்பட்டது. 2015இல் வெளியான 5.22 பதிப்பில் அது நீக்கப்பட்டது. அதனால், பல ஆண்டுகள் சிக்கலின்றி இயங்கிய நிரல் புதிய வழங்கிக்கு மாற்றப்பட்டவுடன் நின்றுபோவது உண்டு. இந்த நிரற்கூற்றைத் தனியாக நிறுவினால் அச்சிக்கல் தீரும்.

சிஜிஐ நிரல் இயங்கும் முறை

ஒவ்வொரு கோரிக்கைக்கும் வழங்கி நிரலைப் புதிய செயன்முறையாகத் தொடங்குகிறது. கோரிக்கை பற்றிய விவரங்கள் சூழல் மாறிகள் வழியாகவும், படிவத்தில் அனுப்பப்படும் தரவுகள் இயல்பு உள்ளீட்டின் வழியாகவும் நிரலுக்குக் கிடைக்கின்றன. நிரல் முதலில் தலைவரிகளையும், பின்னர் ஒரு வெற்று வரியையும், அதன்பின் பக்கத்தின் உள்ளடக்கத்தையும் வெளியீடாகத் தருகிறது. பிழைச் செய்திகள் தனி வழியாகப் பதிவேட்டுக்குச் செல்கின்றன.

எனவே ஒரு பக்கம் உலாவியை அடைய வேண்டுமாயின் நான்கு நிலைகள் நிறைவேற வேண்டும்:

1. வழங்கி அக்கோப்பை ஒரு நிரலாக அறிந்துகொள்ள வேண்டும்.
2. இயங்குதளம் அந்நிரலைத் தொடங்க இயல வேண்டும்.
3. பெர்ல் அந்நிரலைப் பிழையின்றித் தொகுக்க வேண்டும்.
4. வெளியீடு சரியான தலைவரியுடன் தொடங்க வேண்டும்.

வழு எந்த நிலையில் உள்ளது எனத் தீர்மானிப்பதே வழுநீக்கத்தின் முதற்படியாகும்.

முதல் நிலை: வழங்கி நிரலை அறிதல்

உலாவியில் பக்கத்திற்குப் பதிலாக நிரலின் மூலமே காட்டப்பட்டாலோ, தரவிறக்கம் தொடங்கினாலோ, வழங்கி அக்கோப்பை நிரலாகக் கருதவில்லை என்பது பொருள். இது வெறும் இடையூறு மட்டுமன்று. மூலத்தில் எழுதப்பட்டிருக்கும் தரவுத்தளக் கடவுச்சொல் உள்ளிட்ட யாவும் வெளிப்பட்டுவிடும். கடவுச்சொற்களை வலை அடைவுக்கு வெளியே தனிக் கோப்பில் வைப்பது இதனால்தான் பரிந்துரைக்கப்படுகிறது.

404 என்ற எண் முகவரிக்கு உரிய கோப்பு கிடைக்கவில்லை என்பதைக் குறிக்கும். 403 என்ற எண் அணுக்கம் மறுக்கப்பட்டதைக் குறிக்கும். அப்பாச்சி வழங்கியில், அந்த அடைவில் சிஜிஐ நிரல்களை இயக்க அமைவுக் கோப்பில் இசைவு அளிக்கப்படாதபோதும், கோப்பையோ அடைவையோ படிக்க வழங்கிக்கு அனுமதி இல்லாதபோதும் இவ்வெண் தோன்றும்.

இரண்டாம் நிலை: நிரலைத் தொடங்குதல்

500 என்ற எண் பொதுவான வழங்கிப் பிழையைக் குறிக்கும். அடுத்த மூன்று நிலைகளிலும் ஏற்படும் எல்லாப் பிழைகளும் உலாவியில் இந்த ஒரே எண்ணாகவே தோன்றுவதால், இவ்விடத்தில் பிழைப் பதிவேட்டைப் படிக்காமல் ஊகத்தால் மாற்றங்கள் செய்வது காலவிரயமாகும்.

நிரலைத் தொடங்க இயலாமைக்குப் பின்வருவன முதன்மைக் காரணங்கள்:

- தவறான முதல் வரி: யுனிக்சு வகை இயங்குதளங்களில் நிரலின் முதல் வரி "#!" குறிகளுடன் தொடங்கிப் பெர்ல் இருக்கும் பாதையைக் கூற வேண்டும். வேறு கணினியில் எழுதப்பட்ட பாதை வழங்கியில் பொருந்தாமல் போகலாம்.
- விண்டோசு வரிமுறிப்பு: விண்டோசில் ஒவ்வொரு வரியின் முடிவிலும் இரு குறிகள் உள்ளன, யுனிக்சில் ஒன்று மட்டுமே. மிகுதியான குறி பெர்லின் பாதையோடு ஒட்டிக்கொள்வதால் இயங்குதளம் இல்லாத ஒரு கோப்பைத் தேடுகிறது. கண்ணெதிரே கோப்பு இருக்க, "அப்படியொரு கோப்பு இல்லை" என்று பதிவேடு கூறுவது இதனால்தான். எஃப்டிபி வழியாக நிரல்களை ஏற்றும்போது உரை முறையைத் தேர்ந்தால் வரிமுறிப்புகள் மாற்றப்படும்.
- கண்ணுக்குத் தெரியாத பைட்டுகள்: சில உரைத்தொகுப்பிகள் ஒருங்குறிக் கோப்பின் தொடக்கத்தில் 3 பைட்டுகள் கொண்ட அடையாளம் ஒன்றைச் சேர்க்கின்றன. அப்போது "#!" கோப்பின் தொடக்கத்தில் இல்லாமல் போய், இயங்குதளம் அதை அறிய இயலாமல் போகிறது.
- அனுமதி: நிரல் கோப்புக்கு இயக்கும் அனுமதி தேவை; வழக்கமாக 755 பயன்படுத்தப்படுகிறது. எதற்கும் இருக்கட்டும் என்று 777 கொடுப்பது சிக்கலைத் தீர்ப்பதற்கு மாறாக உண்டாக்கலாம். அப்பாச்சியின் சூஎக்செக் வசதி, பிறர் மாற்றி எழுதக்கூடிய நிரல்களை இயக்க மறுத்துவிடும்.

இவ்வழுக்களைச் சோதிக்கும்போது, பெர்லை அழைத்து அதற்குக் கோப்பின் பெயரைக் கொடுப்பது போதாது. அம்முறையில் இயங்குதளம் முதல் வரியையும் இயக்கும் அனுமதியையும் பார்ப்பதில்லை. கோப்பையே நேரடிக் கட்டளையாக இயக்கிப் பார்ப்பது சரியான சோதனையாகும்.

மூன்றாம் நிலை: தொகுத்தல்

"பெர்ல் -சி" என்ற கட்டளை நிரலின் தொடரியலைச் சரிபார்க்கும். "யூஸ் ஸ்ட்ரிக்ட்", "யூஸ் வார்னிங்ஸ்" ஆகிய இரு வரிகளும் நிரலின் தொடக்கத்தில் இருப்பின், எழுத்துப் பிழையுடைய மாறிப் பெயர்களும் மதிப்பு இல்லாத மாறிகளும் எளிதில் அகப்படும்.

இந்நிலையில் மிகுதியாக ஏற்படுவது நிரற்கூறு கிடைக்காமை ஆகும். பதிவேட்டில் வரும் செய்தி, கிடைக்காத நிரற்கூற்றின் பெயரையும் பெர்ல் தேடிய அடைவுகளின் பட்டியலையும் தரும். நிரலர் தம் சொந்த அடைவில் நிறுவிய நிரற்கூறுகள் அவருடைய சூழல் மாறிகளால் அவருக்குக் கிடைக்கும். வழங்கிக்கு அம்மாறிகள் இல்லாமையால் கிடைக்கா. மேலும், 2017இல் வெளியான பெர்ல் 5.26 பதிப்பில், நடப்பு அடைவு இத்தேடல் பட்டியலிலிருந்து பாதுகாப்புக் கருதி நீக்கப்பட்டது. நிரலுக்கு அருகிலேயே நிரற்கூறுகளை வைத்திருந்த பல பழைய செயலிகள் இதனால் நின்றுபோயின. "யூஸ் லிப்" என்ற வரியின் மூலம் முழுப் பாதையைக் கொடுப்பது இதற்குத் தீர்வாகும்.

நான்காம் நிலை: தலைவரியும் வெளியீடும்

தலைவரி வருமுன் வெளியீடு முடிந்துவிட்டது என அப்பாச்சி பதிவு செய்தால், நிரல் எதையும் அச்சிடாமல் இடையில் நின்றிருக்கலாம் அல்லது தலைவரிகளுக்குப் பின் வெற்று வரியை விட்டிருக்கலாம். தலைவரி பிழையானது எனப் பதிவானால், தலைவரிக்கு முன் வேறு ஏதோ அச்சிடப்பட்டுள்ளது. வழு தேடுவதற்காக நிரலர் சேர்த்த அச்சுக் கட்டளையே சிலபோது இதற்குக் காரணமாகிவிடும்.

நிரலில் தலைவரி முதலில் எழுதப்பட்டிருந்தும் இப்பிழை வருவது உண்டு. பெர்ல் தன் வெளியீட்டை இடையகத்தில் சேர்த்துவைத்துப் பின்னரே அனுப்புகிறது. இதற்கிடையே நிரல் ஒரு வெளிக் கட்டளையை இயக்கினால், பழைய பெர்ல் பதிப்புகளில் அக்கட்டளையின் வெளியீடு முந்திக்கொண்டு வழங்கியை அடைந்துவிடும். "$|" என்னும் மாறிக்கு 1 என்ற மதிப்பை அளித்தால் ஒவ்வொரு வெளியீடும் உடனுக்குடன் அனுப்பப்படும்.

சூழல் வேறுபாடுகள்

நிரல் தொடங்கிய பின்னரும் சூழல் வேறுபாட்டால் வழுக்கள் எழலாம். வழங்கி பெரும்பாலும் குறைந்த உரிமைகள் உடைய தனிப் பயனராக இயங்குகிறது. நிரலர் எழுதக்கூடிய கோப்பில் அப்பயனர் எழுத இயலாது. நடப்பு அடைவும் வேறாக இருக்கலாம் என்பதால் கோப்புகளுக்கு முழுப் பாதையைப் பயன்படுத்த வேண்டும். கோப்பைத் திறக்கும் ஒவ்வோர் இடத்திலும் "ஆர் டை" என்று எழுதி "$!" மாறியின் மதிப்பை வெளியிட்டால், திறக்க இயலாமையின் காரணம் பதிவேட்டில் வந்துவிடும்.

ரெட்ஹேட் வகை லினக்சு வழங்கல்களில், கோப்பு அனுமதிகள் சரியாக இருந்தும் அணுக்கம் மறுக்கப்படலாம். அவற்றில் உள்ள எஸ்இ-லினக்சு பாதுகாப்பு அமைப்பு, வலை வழங்கி வேறு கணினியில் உள்ள தரவுத்தளத்துடன் தொடர்புகொள்வதை இயல்பாகத் தடுக்கும். இத்தகைய மறுப்புகள் தணிக்கைப் பதிவேட்டில் இருக்கும்.

தமிழ் உரையும் குறியேற்றமும்

யூடிஎஃப்-8 குறியேற்றத்தில் ஒவ்வொரு தமிழ் வரியுருவும் 3 பைட்டுகளைக் கொண்டது. "அ" என்ற எழுத்து 224, 174, 133 என்னும் பைட்டுகளாகச் சேமிக்கப்படுகிறது. பெர்லுக்கு வெளியிலிருந்து வரும் தரவு, வேறு வகையில் கூறப்படாதவரை, வெறும் பைட்டுகளாகவே கருதப்படுகிறது. "தமிழ்" என்ற சொல்லில் வாசகர் காண்பது 3 எழுத்துகள். ஒருங்குறிப்படி அதில் 5 வரியுருக்கள் உள்ளன. குறிநீக்கம் செய்யப்படாத நிலையில் பெர்ல் அதன் நீளத்தை 15 எனக் கூறும். இந்நிலையில் உரையை வெட்டினால் எழுத்தின் நடுவே வெட்டு விழுந்து சிதைந்த குறிகள் தோன்றும்.

ஏற்கனவே குறியேற்றம் செய்யப்பட்ட உரை மீண்டும் ஒருமுறை குறியேற்றம் செய்யப்படுவது மற்றொரு வழுவாகும். அப்போது 3 பைட்டுகள் 6 ஆகி, தமிழ் எழுத்துகளுக்குப் பதிலாக மேற்குறியுடைய இலத்தீன் எழுத்துகள் பக்கமெங்கும் நிறையும். இச்சிதைவு தரவுத்தளத்தில் சேமிக்கப்பட்டுவிட்டால், நிரலைத் திருத்திய பின்னும் பழைய பதிவுகள் சிதைந்தே இருக்கும்.

உள்ளே வரும் தரவை ஒருமுறை குறிநீக்கம் செய்து, வெளியே செல்லும் தரவை ஒருமுறை குறியேற்றம் செய்வதே இதற்கான பொது விதி. தலைவரியிலும் தரவுத்தளத் தொடர்பிலும் யூடிஎஃப்-8 எனக் குறிப்பிட வேண்டும். "யூஸ் யூடிஎஃப்8" என்ற வரி நிரலின் மூலக் கோப்புக்கு மட்டுமே பொருந்தும். உள்ளீட்டையும் வெளியீட்டையும் அது மாற்றுவதில்லை.

நிலைத்து நிற்கும் நிரல்களில் எழும் வழுக்கள்

கோரிக்கைதோறும் புதிய செயன்முறையைத் தொடங்குவது காலம் எடுக்கும் என்பதால், பெர்லை அப்பாச்சி வழங்கிக்குள்ளேயே வைக்கும் மோட்_பெர்ல் 1996இல் உருவாக்கப்பட்டது. இதில் நிரல் ஒருமுறை தொகுக்கப்பட்டுப் பல கோரிக்கைகளுக்குப் பயன்படுகிறது. பழைய சிஜிஐ நிரலை மாற்றமின்றி இதில் இயக்கினால், ஒரு கோரிக்கையில் மாறிக்கு அளிக்கப்பட்ட மதிப்பு அடுத்த கோரிக்கையிலும் எஞ்சியிருக்கலாம். அதன் விளைவாக ஒரு பயனரின் விவரங்கள் வேறொரு பயனருக்குக் காட்டப்படலாம்.

அப்பாச்சி பல செயன்முறைகளை ஒருங்கே இயக்குவதால் இவ்வழு சில நேரங்களில் மட்டும் தோன்றி மறையும். "-எக்ஸ்" தெரிவுடன் அப்பாச்சியை ஒரே செயன்முறையாக இயக்கினால் வழுவை மீண்டும் மீண்டும் தோன்றச் செய்து ஆராயலாம். துணைநிரல்களுக்கு வேண்டிய மதிப்புகளை வெளி மாறிகளில் வைக்காமல் அளபுருக்களாக அனுப்புவது இதனைத் தவிர்க்கும்.

பாதுகாப்பு

பிழைச் செய்திகளை உலாவியிலேயே காட்டும் சிஜிஐ::கார்ப் வசதி உருவாக்கக் காலத்தில் பயனுள்ளது. பொதுப் பயன்பாட்டுக்கு வந்த பின் அதனை நீக்க வேண்டும். இல்லையேல் கோப்புப் பாதைகளும் தரவுத்தள விவரங்களும் வெளியாருக்குத் தெரியவரும்.

பயனர் தரும் உள்ளீட்டை நம்புவதால் விளையும் வழுக்கள் பிழைச் செய்தி எதையும் தருவதில்லை. "ஓப்பன்" கட்டளையை இரு அளபுருக்களுடன் பயன்படுத்தும் நிரலில், கோப்பின் பெயருக்குப் பின் "|" குறியைச் சேர்த்து அனுப்புபவர் வழங்கியில் கட்டளைகளை இயக்கலாம். மூன்று அளபுரு வடிவம் இதனைத் தடுக்கும். அவ்வாறே டிபிஐ நிரற்கூற்றில் தரவுத்தள வினவல்களுக்கு இடக்குறிகளைப் பயன்படுத்த வேண்டும். "-டி" தெரிவுடன் இயங்கும் பெர்ல், சோதிக்கப்படாத வெளி உள்ளீடு ஆபத்தான செயல்களில் பயன்படுவதை மறுக்கும்.

2014 அக்டோபரில் வெளியிடப்பட்ட பக்சில்லா வழு இதற்குத் தக்க எடுத்துக்காட்டு. மொசில்லாவின் வழுத்தடமறியும் மென்பொருளான பக்சில்லா பெர்லில் எழுதப்பட்டது. சிஜிஐ.பிஎம்மின் "பாரம்" துணைநிரல், பட்டியல் சூழலில் அழைக்கப்படும்போது ஒரே பெயரில் வந்த எல்லா மதிப்புகளையும் தரும். பக்சில்லாவில் கணக்குத் தொடங்கும் பகுதி ஒரு மதிப்பையே எதிர்பார்த்தது. முழுப்பெயரைப் பலமுறை அனுப்பியவர், மிகுதி மதிப்புகளைக் கொண்டு மின்னஞ்சல் முகவரியை மாற்றி எழுதித் தமக்கு உரிமையில்லாத முகவரியில் கணக்குத் தொடங்க இயன்றது. முகவரியைக் கொண்டு உரிமைகள் வழங்கப்பட்டிருந்த தளங்களில் அவ்வுரிமைகளும் அவருக்குக் கிடைத்தன. இதன்பின் "பாரம்" பட்டியல் சூழலில் அழைக்கப்பட்டால் எச்சரிக்கும்படி சிஜிஐ.பிஎம் மாற்றப்பட்டது. "ஸ்கேலர்" என்ற சொல்லை முன்னே சேர்ப்பதால் ஒரு மதிப்பு மட்டுமே பெறப்படும்.

பொதுவான படிமுறை

1. பிழைப் பதிவேட்டின் கடைசி வரிகளைப் படித்தல்.
2. "பெர்ல் -சி" மூலம் தொடரியலைச் சரிபார்த்தல்.
3. வழங்கியின் பயனராகவே நிரலைக் கட்டளை வரியில் இயக்குதல்.
4. தலைவரியையும் ஒரு சொல்லையும் மட்டும் அச்சிடும் சிறு நிரலை அதே அடைவில் இயக்குதல். அது இயங்காவிடில் வழு அமைவிலும், இயங்கினால் நிரலிலும் உள்ளது.
5. ஒரு நேரத்தில் ஒரு மாற்றம் மட்டும் செய்து மீண்டும் சோதித்தல்.

இன்றைய நிலை

2009இல் தட்சுகிகோ மியாகவா உருவாக்கிய பிஎஸ்ஜிஐ வரையறையும் அதனைச் சார்ந்த பிளாக் கருவிகளும் பெர்ல் செயலிகளை வழங்கியின் வகையைச் சாராமல் எழுத வழிசெய்தன. புதிய செயலிகளுக்கு கேட்டலிஸ்ட், டான்சர், மோஜோலிசியஸ் போன்ற சட்டகங்கள் பயன்படுத்தப்படுகின்றன. இவற்றில் தலைவரி, முதல் வரி ஆகியன தொடர்பான வழுக்கள் பெரிதும் குறைந்துள்ளன. குறியேற்றம், அனுமதி, நிலைத்து நிற்கும் மாறிகள், பயனர் உள்ளீடு ஆகியவற்றால் எழும் வழுக்கள் இவற்றுக்கும் பொருந்தும்.

இவற்றையும் பார்க்க

- பெர்ல்
- பொது நுழைவாயில் இடைமுகம்
- அப்பாச்சி வலை வழங்கி
- ஒருங்குறி