கூடாரமும் குற்றமும்
ஸ்காத்லாந்து மலைநாட்டு வரலாற்றில் ஒரு பக்கம்

ஸ்காத்லாந்து அரசன் ஐந்தாம் ஜேம்சு, 1530ஆம் ஆண்டை ஒட்டிய ஒரு கோடையில், தன் அன்னை மார்கரெட்டையும் போப்பாண்டவரின் தூதர் ஒருவரையும் உடன் அழைத்துக்கொண்டு அத்தோல் மலைநாட்டிற்கு மான் வேட்டையாடச் சென்றான். அந்நாட்டுத் தலைவரான அத்தோல் பிரபு, அவர்கள் மூன்று நாள் தங்குவதற்கென்றே புல்வெளி நடுவில் ஒரு மாளிகை எழுப்பினார். கல்லால் அன்று; பச்சை மரத்தாலும் பூர்ச்ச மரக் கிளைகளாலும் பின்னி எழுப்பினார். சாளரங்களுக்குக் கண்ணாடி, சுவர்களுக்குப் பட்டுத் திரைகள், தரையெங்கும் மலர்கள், சுற்றிலும் மீன் துள்ளும் அகழி. நாளொன்றுக்கு ஆயிரம் பவுன் செலவாயிற்று என்று அந்நூற்றாண்டின் வரலாற்றாசிரியர் இராபர்ட்டு லின்சே எழுதி வைத்துள்ளார். ஸ்காத்லாந்துப் பவுன் ஆங்கிலப் பவுனினும் மதிப்பிற் குறைந்தது. லின்சேயோ எதையும் சற்றுக் கூட்டியே சொல்லும் இயல்பினர். இவ்விரண்டையும் கழித்துப் பார்த்தாலும் அது பெருஞ்செலவே.

வியப்பு இனித்தான் வருகிறது. அரசன் புறப்பட்டதும் மலைநாட்டு மக்கள் அம்மாளிகைக்குத் தீ வைத்தனர். தூதர் திகைத்துப் போனார். எவ்வளவு நல்ல இருக்கையில் தங்கினாலும், நீங்கும்போது அதனை எரித்துவிட்டுச் செல்வது எம் மலைநாட்டார் வழக்கம் என்று அரசன் அமைதியாக விடை கூறினானாம்.

இன்று ஸ்காத்லாந்தின் நாட்டுப்புறங்களில் விடுமுறையைக் கழிக்கச் செல்வோருக்கு மெத்தையும் கணப்பும் அமைந்த சொகுசுக் கூடாரங்கள் வாடகைக்குக் கிடைக்கின்றன. ஆங்கிலேயர் இதற்குக் 'கிளாம்பிங்' என்று ஒரு புதுச்சொல் படைத்து, 2016இல் ஆக்சுபோர்டு அகராதியிலும் ஏற்றிவிட்டனர். சொல் புதிது, பொருளோ அத்தோல் பிரபுவின் காலத்திலேயே இருந்தது. ஆயினும் இக்கட்டுரையில் நாம் ஆராயப் புகுவது சொகுசின் வரலாறு அன்று. ஒருவன் வெட்டவெளியில் கூடாரம் அடித்துத் துயின்றால், அது வேட்டையா, விடுமுறையா, குற்றமா? இவ்வினாவிற்கு அந்நாடு காலந்தோறும் அளித்த விடைகளையே காண விரும்புகிறோம். இடத்தையும் பெரும்பாலும் ஒரே வட்டாரத்திற்குள் நிறுத்திக்கொள்வோம். பிளேர் அத்தோல் என்னும் சிற்றூரிலிருந்து வடகிழக்கே மலைகளை ஊடறுத்துச் செல்வது கிளென் டில்ட். 'கிளென்' என்றால் பள்ளத்தாக்கு. இதன் வழியே ஏறத்தாழ 30 மைல் நடந்தால் பிரேமார் என்னும் ஊரை அடையலாம்.

மன்னரும் பிரபுக்களும் வருமுன்னரும் வந்துபோன பின்னரும் இம்மலைகளில் வெளியில் துயின்றவர் ஆயர்குடியினர். கோடை தொடங்கியதும் மகளிரும் இளைஞரும் சிறுவரும் கால்நடைகளை ஓட்டிக்கொண்டு மேல்மலைப் புல்வெளிகளுக்குச் செல்வர். புல்தரையைக் கட்டி கட்டியாக வெட்டி அடுக்கிச் சிறு குடில்கள் அமைப்பர். பால் கறப்பர், வெண்ணெய் எடுப்பர், பாலாடைக் கட்டி செய்வர். தாழ்நிலத்தில் பயிர் விளையும் வரை ஆநிரைகள் அங்கே மேயும். இக்கோடைக் குடியிருப்பை அவர்தம் காலிக் மொழியில் 'ஆரி' என்பர். அம்மொழியின் காதற் பாடல்களுள் பல இக்குடில்களைப் பற்றியவை. இளையோர் மூத்தோர் கண்ணுக்கு எட்டாத இடத்தில் வாழ்ந்த காலமாதலின் அஃது இயல்பே.

பதினெட்டாம் நூற்றாண்டின் பிற்பகுதி தொடங்கி இவ்வாழ்வு அழிந்தது. செம்மறி ஆடுகளால் வரும் வருவாய் குடியானவர் தரும் குத்தகையினும் மிகுதி என்று கண்ட நிலவுடைமையாளர்கள், மலைநாடெங்கும் மக்களை வெளியேற்றினர். பலர் கடற்கரைக்குத் துரத்தப்பட்டனர். பலர் கனடாவிற்குக் கப்பலேறினர். பின்னர் ஆட்டின் விலை வீழ்ந்தபோது, அதே நிலங்கள் 'மான்காடு' ஆயின. பெயர்தான் காடு; மரம் அரிது. செல்வர்கள் மான் சுடுவதற்கென ஒதுக்கப்பட்ட புதர் மேடுகளே அவை. இன்று பயணிகள் 'தீண்டப்படாத இயற்கை' என்று வியக்கும் வெற்றுவெளிகள் பலவற்றில், புல்லை விலக்கிப் பார்த்தால் குடில்களின் அடிக்கற்கள் தென்படும். கிளென் டில்டிலும் அத்தகைய இடிபாடுகள் உள.

மானுக்கென ஒதுக்கிய நிலத்தில் மனிதன் நடப்பதும் குற்றமாயிற்று. 1847இல் எடின்பரோ பல்கலைக்கழகத் தாவரவியல் பேராசிரியர் சான் ஹட்டன் பால்ஃபர், தம் மாணவர்களுடன் செடிகொடிகளை ஆராய்ந்துகொண்டு பிரேமாரிலிருந்து கிளென் டில்ட் வழியே வந்தார். ஆறாம் அத்தோல் கோமகன் தம் ஏவலருடன் எதிர்ப்பட்டு, வந்த வழியே திரும்பச் சொன்னார். பேராசிரியரோ இது பண்டைக்காலந் தொட்டு மக்கள் நடந்த பாதை என்று வாதிட்டார். முடிவில் பேராசிரியர் குழு ஒரு மதிலைத் தாண்டிக் குதித்துத் தம் வழியே போயிற்று. 'கிளென் டில்ட் போர்' என்னும் கேலிப்பாட்டு ஒன்றும் இதன்மேல் எழுந்தது. செய்தி நகைச்சுவையோடு நிற்கவில்லை. 1845இல் தோன்றியிருந்த பாதையுரிமைச் சங்கம் வழக்கைக் கையில் எடுத்தது. கோமகனின் மேல்முறையீட்டை 1852இல் பிரபுக்கள் சபை ஏற்க மறுத்தது. பாதை திறந்தது, அன்று முதல் அடைபடவில்லை.

ஈண்டு ஒன்று குறிப்பிடத் தக்கது. 1861இல் விக்டோரியா அரசியார் இதே பள்ளத்தாக்கின் வழியாகப் பயணம் செய்தார். பேராசிரியரை மறித்த அதே கோமகன் அரசியாருக்கு வழித்துணையாக வந்தார். டார்ஃப் ஆற்றைக் கடக்குமிடத்தில் குழலூதுவோர் இடுப்பளவு நீரில் இறங்கி இசைத்தவாறே முன்னே நடந்தனர். அரசியார் தம் நாட்குறிப்பில் இதனை மகிழ்ந்து எழுதியுள்ளார்.

நடக்கும் உரிமைக்கு இவ்வாறு வழி பிறந்தது. துயிலும் உரிமையோ எதிர்த்திசையில் சென்றது. 1865இல் இலண்டன் நாடாளுமன்றம் ஸ்காத்லாந்திற்கென அத்துமீறல் சட்டம் ஒன்று இயற்றியது. உடைமையாளர் இசைவின்றித் தனியார் நிலத்தில் கூடாரம் அடிப்பதும் தங்குவதும் அச்சட்டப்படி தண்டனைக்குரிய குற்றங்கள். சாலையோரம் தங்கித் தீ மூட்டுவதும் அதன் பிடிக்குள் வந்தது. இது விடுமுறைக்கு வருவோரை நோக்கி எழுதப்பட்டது அன்று. அக்காலத்தில் அத்தகையோர் மிகச் சிலர். வீடின்றி அலைந்தோரும் வழிவழியாகக் கூடாரத்தில் வாழ்ந்த ஒரு மக்கட் கூட்டமுமே அதன் இலக்கு.

அக்கூட்டத்தார் தம்மை 'டிராவலர்' என்பர். வழிச்செல்வோர் என்பது பொருள். தகரவேலை செய்து வந்தமையால் பிறர் இழிவாக 'டிங்கர்' என்றனர். மலைநாட்டின் பண்டைய உலோகக் கொல்லரின் வழியினர் இவர் என்பாரும் உளர். கோடையில் ஊர்தோறும் சென்று பாத்திரம் பழுது பார்ப்பர்; ஆறுகளில் முத்துச் சிப்பி எடுப்பர்; இலையுதிர் காலத்தில் உருளைக்கிழங்கு தோண்டுவர். வளைத்த கோல்களை நிலத்தில் ஊன்றி, மேலே தடித்த துணி போர்த்தி அமைப்பதே அவர்கள் வீடு. ஸ்காத்லாந்தின் புகழ்பெற்ற கதைசொல்லி டங்கன் வில்லியம்சன் 1928இல் ஃபைன் கடற்கழிக் கரையில் அத்தகைய கூடாரம் ஒன்றிலேதான் பிறந்தார்.

இவர்களைச் சட்டம் விரட்டிக்கொண்டிருந்த அதே காலத்தில், கூடாரம் நடுத்தர வகுப்பாரின் இன்பப் பொழுதுபோக்காக வளர்ந்தது. தாமசு ஹைரம் ஹோல்டிங் என்ற தையற்கலைஞர் 1877இல் ஸ்காத்லாந்து மலைநாட்டு நீர்வழிகளில் சிறு ஓடம் ஏறிச் சென்று, கரையில் கூடாரம் அடித்துத் தங்கினார். 1901இல் மிதிவண்டியில் கூடாரம் கொண்டு செல்வோர்க்கென ஒரு சங்கம் நிறுவினார். 1908இல் வழிகாட்டி நூல் ஒன்றும் வெளியிட்டார். அந்த 1908ஆம் ஆண்டிலேயே குழந்தைகள் சட்டம் ஒன்றும் பிறந்தது. அதன்படி டிராவலர் பெற்றோர் தம் பிள்ளைகளை அக்டோபர் முதல் மார்ச்சு வரை 200 அரைநாள்களேனும் பள்ளிக்கு அனுப்ப வேண்டும். கல்வி கொடுப்பது நன்றே. ஆனால் பள்ளிக்கருகில் தங்க இடந்தராமல் பள்ளிக்கு வா என்பது எவ்வகை நன்மை என்பதை ஆசிரியப் பெருமக்களே கூறுக.

சொல்லாராய்ச்சியில் விருப்பமுள்ளோர்க்கு ஒரு சிறு குறிப்பு. ஆங்கிலக் 'கேம்ப்' என்னும் சொல், வெளி எனப் பொருள்படும் இலத்தீன் 'காம்பசு' என்பதன் வழிவந்து, முதலில் படை தங்கும் இடத்தையே குறித்தது. நம் 'பாசறை'யும் போர் பற்றிய சொல்லே. விடுமுறைக்காகக் கூடாரம் அடிப்பதற்கு இரு மொழியிலும் பழஞ்சொல் இல்லை. வேறு வழியில்லாதவர் செய்ததை விரும்பிச் செய்யும் காலம் பிந்தியே வந்தது போலும்.

இனி, 1930ஆம் ஆண்டுகளுக்கு வருவோம். தென்மேற்கே கிளாசுகோ நகருக்கும் செல்வோம். உலகப் பொருளாதார வீழ்ச்சியால் கிளைடு ஆற்றங்கரைக் கப்பல் தளங்கள் உறங்கின. பின்னாளில் 'குவீன் மேரி' எனப் பெயர்பெற்ற பெருங்கப்பலின் கட்டுமானமே 1931 டிசம்பரில் நின்று 1934 ஏப்ரலில்தான் மீண்டும் தொடங்கியது. வேலையிழந்த இளைஞர்கள் நகரின் வடபுறத்து மலைகளை நோக்கி நடந்தனர். கிரெய்காலியன் ஏரிக்கரையில் அவர்கள் மூட்டிய தீ, வருவோர் போவோர்க்கெல்லாம் பொதுவான அடுப்பாயிற்று. கூடாரம் வாங்கப் பணமில்லாதவர் குகையிலும் பாறையடியிலும் துயின்றனர். கிளைடுபேங்கு இளைஞர்கள் 1930இல் தொடங்கிய 'கிரீக் டூ' மலையேறுவோர் சங்கம், செல்வரின் கலையாக இருந்த மலையேற்றத்தில் தொழிலாளரும் வல்லவர் என்று காட்டியது. ஏரிக்கரையில் தீ எரிந்த அவ்விடத்தில் 2012இல் நினைவுக்கல் நாட்டப்பட்டது. 1865ஆம் ஆண்டுச் சட்டத்தின் கண்ணில் இவ்விளைஞரும் குற்றவாளிகளே. அச்சட்டம் அவர்கள்மேல் மென்மையாகவே நடந்தது என்பது நம் எண்ணம்.

டிராவலர் மேல் அது மென்மையாக நடக்கவில்லை. இரண்டாம் உலகப் போருக்குப் பின், அவர்களை ஓரிடத்தில் நிலைநிறுத்தி 'நாகரிக'ப்படுத்தும் திட்டங்கள் எழுந்தன. அவற்றுள் ஒன்று கிளென் டில்டின் வாயிலுக்கு ஏழெட்டு மைல் தெற்கே, பிட்லாக்ரி என்னும் ஊரில் பாபின் மில் என்ற இடத்தில் நடைபெற்றது. 1940களின் பிற்பகுதியில், மின்விளக்கும் இல்லாத ஒரு பழைய குடிலைத் தடுத்துக் குடும்பங்களைக் குடியேற்றினர். கூடாரத்தை விட்டுவிட்டால் நல்ல வீடு தருவோம் என்பது சொல். அக்குடிலே பல்லாண்டுகள் வீடாக இருந்தது என்பது செயல்.

அதே பெர்த்துசயர் வட்டாரத்தில் பிளேர்கௌரி என்னும் ஊரின் ராசுபெரிப் பழத்தோட்டங்களுக்கு ஆண்டுதோறும் டிராவலர் குடும்பங்கள் பழம் பறிக்க வந்து கூடாரம் அடித்துத் தங்கும். 1950களின் நடுவில் எடின்பரோ பல்கலைக்கழகத்து அறிஞர் ஹாமிசு ஹென்டர்சன் ஒலிப்பதிவுக் கருவியுடன் அங்கே சென்றார். ஏட்டில் மட்டும் எஞ்சியிருப்பதாக அறிஞர் கருதிய பழங்கதைப் பாடல்களை, அம்மக்கள் மாலைத் தீயைச் சுற்றியமர்ந்து பாடக் கேட்டார். ஒரு நாட்டின் வாய்மொழி இலக்கியம், அந்நாடு வேலியோரத்திற்குத் துரத்திய மக்களின் நாவில் வாழ்ந்திருந்தது. ஓரூரில் அவர்தம் கூடாரத்தைக் களையவும், மற்றோரூரில் அவர்தம் பாட்டைச் சேர்க்கவும் அரசும் கல்வியுலகும் ஒரே காலத்தில் முனைந்தன.

1999இல் எடின்பரோவில் ஸ்காத்லாந்தின் தனி நாடாளுமன்றம் மீண்டும் கூடியது. அது 2003இல் நிறைவேற்றிய நிலச் சீர்திருத்தச் சட்டம் 2005 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்தது. யாவரும் நாட்டின் பெரும்பாலான நிலத்திலும் நீரிலும், அது தனியாருடையதாயினும், பொறுப்புடன் செல்லலாம், துயிலவும் செய்யலாம். இங்கிலாந்தில் இத்தகைய பொது உரிமை இல்லை. நடத்தை விதிகளின்படி கூடாரம் இலேசானதாக இருத்தல் வேண்டும். தங்குவோர் சிலராக இருத்தல் வேண்டும். ஓரிடத்தில் இரண்டு மூன்று இரவுக்கு மேல் தங்கலாகாது. குப்பையோ தீ எரிந்த தடமோ விட்டுச் செல்லலாகாது. ஐந்தாம் ஜேம்சின் ஆட்கள் இக்கடைசி விதிக்கு உடன்பட்டிருக்க மாட்டார்கள்! விதியை மீறுவோர் இன்றும் உளர். லோமண்டு ஏரியைச் சூழ்ந்த தேசியப் பூங்காவில் மரங்கள் வெட்டப்பட்டுக் கரைகள் பாழானமையால், 2017 முதல் மார்ச்சு தொடங்கிச் செப்டம்பர் வரை சில பகுதிகளில் இசைவுச் சீட்டின்றிக் கூடாரம் அடித்தல் தடை செய்யப்பட்டுள்ளது. நகரத்து ஏழை இளைஞர்க்கு எளிதில் எட்டும் ஏரி அதுவே என்று இத்தடையை வெறுப்போரும் உளர். அவர்கள் கூற்றை எளிதில் தள்ளிவிட முடியாது.

சொகுசை நாடுவோர்க்கு இச்சிக்கல் எதுவும் இல்லை. மங்கோலியர் கூடாரம் போன்ற வட்டக் கம்பளிக் குடில், இடையரின் சக்கர வண்டி போன்ற மரவீடு, விதையுறை போல் வளைந்த பலகைக் குடில் எனப் பல வகை அங்கே உண்டு. மழைக்கும், 'மிட்சு' எனப்படும் கண்ணுக்கு அரிதாய்த் தெரிந்து கடித்துக் கொல்லும் சிறு பூச்சிக்கும் அஞ்சுவோர் அவற்றை நாடுவதில் குற்றமில்லை. மலைநாட்டுச் சிற்றூர் உழவர் சிலர்க்கு ஆட்டு மந்தையினும் இது நல்ல வருவாய் தருகிறது என்பதையும் மறுப்பதற்கில்லை.

2025 ஜூன் மாதம் ஸ்காத்லாந்து முதலமைச்சர் சான் சுவின்னி, பாபின் மில் போன்ற திட்டங்களால் டிராவலர் மக்களுக்கு இழைக்கப்பட்ட தீங்குக்காக நாடாளுமன்றத்தில் மன்னிப்புக் கேட்டார். அக்குடிலில் வளர்ந்த சிலர், முதுமையெய்தி, அச்சொல்லைக் கேட்க உயிருடன் இருந்தனர்.

1865ஆம் ஆண்டுச் சட்டமோ இன்றும் நீக்கப்படவில்லை. 2003ஆம் ஆண்டுச் சட்டம் அதில் ஒரு விலக்கை மட்டும் சேர்த்தது. முதுகில் சிறு கூடாரம் சுமந்து கிளென் டில்டில் நடந்து, இரண்டிரவு துயின்று, மூன்றாம் நாள் பிரேமாரில் இரயிலுக்கோ பேருந்துக்கோ விசாரிக்கும் பயணியை அவ்விலக்குக் காக்கும். பிரேமாருக்கு இரயில் இல்லை என்பதை அவர் அங்கே அறிந்துகொள்வார். வண்டியுடன் வந்து, கூடாரத்தையே வீடாகக் கொண்டு, பழம் பறித்து முடியும் வரை ஓரிடத்தில் தங்க விரும்பும் குடும்பத்தை அவ்விலக்குக் காப்பதில்லை.