தங்குமிடமும் வசிப்பிடமும்: நாகரஹொளே - சில குறிப்புகள்

நாகரஹொளே காட்டுக்குப் போகலாமென்று நண்பர்கள் நாலு பேர் முடிவு செய்தபோது முதலில் வந்த கேள்வி 'எங்க தங்குறது?' என்பதுதான். குடகுப் பக்கம் குட்டாவா, மைசூர்ப் பக்கம் ஹுன்சூரா, கபினி அணைக்கரையா என்று ஒரு வாரம் பேசினோம். கபினிக் கரையில் ஓர் இரவுக்குச் சொன்ன தொகை என் ஒரு மாத வீட்டு வாடகையைத் தாண்டியது. 'யானை தண்ணி குடிக்க வர்றத ரூம்லேர்ந்தே பாக்கலாமாம்' என்றார் ஒருவர். எனக்கு வேறொன்று உறுத்தியது. அந்த அறை அங்கே எப்படி வந்தது? காட்டில் இரவு தங்கும் உரிமை யாருக்கு, எப்போது, யாரால் தரப்பட்டது? இக்குறிப்புகள் அப்படித் தேடியதில் விளைந்தவை.

கன்னடத்தில் 'ஜேனு' என்றால் தேன். தேனெடுப்பதால் ஜேனு குறுபர் என்று பெயர்பெற்றவர்களும், பெட்ட குறுபரும், எரவரும் இக்காட்டின் பழங்குடிகள். அவர்களுடைய குடியிருப்பு 'ஹாடி' எனப்படும். மைசூர் மன்னர்கள் காலத்தில் காக்கனகோட்டையில் 'கெட்டா' நடக்கும். யானைக் கூட்டத்தைச் சுற்றிவளைத்து விரட்டி, மர அடைப்புக்குள் தள்ளிப் பிடிப்பது. வைஸ்ராய்கள் விருந்தினராக வந்து வேடிக்கை பார்த்தார்கள். தடம் பார்க்கவும் யானையைப் பழக்கவும் குறுபர்கள் வேண்டியிருந்தார்கள். காட்டைப் பற்றிய அறிவு அவர்களுடையது, காட்சி துரைமார்களுடையது. கடைசிக் கெட்டா எழுபதுகளின் தொடக்கத்தில் நடந்தது. 1974இல் கபினி அணை முடிந்தபோது கெட்டா நடந்த நிலமும் பல ஊர்களும் நீரில் மூழ்கின. காவிரித் தகராறில் மட்டுமே கபினியின் பெயரைக் கேட்டுப் பழகிய நமக்கு இது தெரியாது. இன்று விடுதிகள் 'ஏரிக்கரைக் காட்சி' என்று விற்பது அந்த நீரைத்தான். 1980இல் தொடங்கப்பட்ட ஜங்கிள் லாட்ஜஸ், மகாராஜாவின் வேட்டை மாளிகையையே விருந்தினர் விடுதியாக்கியது. துப்பாக்கி இருந்த கையில் கேமரா வந்தது. பார்ப்பவன், காட்டுபவன் என்ற உறவு அப்படியே இருந்தது.

1955இல் சரணாலயமான நாகரஹொளே எண்பதுகளில் 643 சதுர கிலோமீட்டர் தேசியப் பூங்காவாக விரிந்தது. 1972ஆம் ஆண்டு வன உயிர்ப் பாதுகாப்புச் சட்டத்தை இங்கே ஒரு பிரதியாகப் படித்துப் பார்ப்பது நல்லது. தேசியப் பூங்கா என்று அறிவிக்கும்போது அந்நிலத்தில் மனிதர்களுக்குள்ள உரிமைகள் அரசின் கைக்குப் போகின்றன. அதே சட்டத்தின் 28ஆம் பிரிவு, உள்ளே நுழைய அனுமதி வழங்கத்தக்க காரணங்களுள் ஒன்றாகச் சுற்றுலாவைச் சொல்கிறது. அதாவது வந்துபோகிறவனுக்குச் சட்டத்தில் ஒரு பெயர் உண்டு. இருக்கிறவனோ ஆக்கிரமிப்பாளன் ஆகிறான். நம் மொழியில் 'குடி' என்ற சொல் வீட்டையும் குறிக்கும், அதில் வாழும் மக்களையும் குறிக்கும். 'மனிதரற்ற இயற்கை' எனும் சொல்லாடல் இவ்விரண்டையும் பிரித்துப்போடுகிறது. ஹாடிகளிலிருந்து வெளியேற்றப்பட்டவர்களில் பலர் குடகின் காப்பித் தோட்ட லைன் வீடுகளில் கூலிகளாக ஒண்டினார்கள். தேயிலைத் தோட்ட லயங்களின் கதை தெரிந்த தமிழ் வாசகருக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

தொண்ணூறுகளின் நடுவில் பூங்காவுக்குள்ளேயே, முர்கல் என்னுமிடத்தில் இருந்த வனத்துறைக் கட்டடங்களைத் தாஜ் குழுமத்தின் கேட்வே ஹோட்டல்ஸுக்குக் கர்நாடக அரசு குத்தகைக்கு விட்டது. எங்களுக்குக் குடிசை போட இடமில்லாத காட்டில் நட்சத்திர ஹோட்டலா என்று ஆதிவாசிகள் கேட்டார்கள், மறியல் செய்தார்கள், நீதிமன்றம் போனார்கள். 1997 ஜனவரியில் கர்நாடக உயர்நீதிமன்றம் அந்தக் குத்தகை செல்லாது என்றது. பெரிய வெற்றிதான், சந்தேகமில்லை. ஆனால் தீர்ப்பு எதன்மேல் நின்றது என்பது கவனத்திற்குரியது. மத்திய அரசின் முன் அனுமதியில்லாமல் வன நிலத்தைக் கொடுத்தது 1980ஆம் ஆண்டு வனப் பாதுகாப்புச் சட்டத்துக்கு விரோதம், வன உயிர்ச் சட்டத்துக்கும் விரோதம் என்பதே அதன் அடிப்படை. காடு யாருடையது என்ற கேள்விக்குள் அது போகவில்லை. ஹோட்டலை வெளியேற்றிய அதே சட்டம்தான் ஹாடியையும் வெளியேற்றுவது. எதிரியின் ஆயுதத்தால் ஜெயித்தவர்களுக்கு அந்த ஆயுதம் சொந்தமாகிவிடுவதில்லை.

2006இல் வன உரிமைச் சட்டம் வந்தது. 'வரலாற்று அநீதி' என்ற சொல்லை அரசே எழுதி ஒப்புக்கொண்டது. 2025 மே மாதம், நாற்பதாண்டுகளுக்கு முன் வெளியேற்றப்பட்ட தங்கள் கரடிக்கல்லு அத்தூர் கொல்லி ஹாடிக்கு 52 ஜேனு குறுபர் குடும்பங்கள் திரும்பிப் போய், மூங்கிலும் தார்ப்பாயும் கொண்டு குடிசை போட்டன. வனத்துறையும் போலீசும் வந்து நின்றன. முன்னோரைப் புதைத்த இடங்களை அவர்கள் காட்டினார்கள். அரசுத் தரப்போ வாழ்ந்ததற்கு ஆதாரம் கேட்டது. கபினிக் கரை விடுதியில் எனக்கு ஓர் அடையாள அட்டை போதும். அவர்களுக்குக் கல்லறையும் போதவில்லை.

கடைசியில் நாங்கள் ஹுன்சூரில், பேருந்து நிலையத்துக்குப் பக்கத்தில் ஒரு சாதாரண லாட்ஜில் தங்கினோம். இதை ஒரு தியாகமாகச் சொல்ல வரவில்லை. மறுநாள் காலை நாங்களும் டிக்கெட் வாங்கிக்கொண்டுதான் உள்ளே போனோம். புலியைக் காணோம், யானைகளைப் பார்த்தோம், சந்தோஷமாகத்தான் இருந்தது. கறைபடாத தங்குமிடம் என்று ஒன்று இங்கே கிடையாது, 'சூழல் சுற்றுலா' என்று பலகை மாட்டியிருந்தாலும். தேர்வு என்பது அறையைப் பற்றியது மட்டுமல்ல என்பதையே சொல்ல விரும்புகிறேன். பூங்காவுக்குள் கட்டியதில் தங்குவதில்லை என்று நாம் முடிவெடுக்கலாம். விடுதிக்காரரிடம் இந்த நிலம் முன்பு யாருடையது என்று கேட்கலாம். அந்த மக்களின் கிராம சபைக்கு உள்ள உரிமையை, நம் ஓய்வுநாளின் அமைதியைக் கெடுத்துக்கொண்டாவது, பேசலாம்.

சாயங்காலம் ஆறு மணிக்குக் காட்டுச் சாலையின் கேட்டை மூடிவிடுகிறார்கள். நாங்கள் அதற்குள் வெளியே வந்துவிட்டோம். எங்களுக்குத் திரும்பிப் போக வீடு இருந்தது.