யூனிட்டா, ரூபாயா?

2024 ஜனவரியில் ஸ்ரீபெரும்புதூரை அடுத்த பிள்ளைப்பாக்கம் சிப்காட்டில் ஃபர்ஸ்ட் சோலார் ஆலை திறக்கப்பட்டது. ஆண்டுக்கு 3.3 ஜிகாவாட் அளவுக்குப் பேனல் செய்யக்கூடியது அது. ஆனால் பேனல் பிறக்கும் அந்த வட்டாரத்திலும், மொட்டைமாடிப் பேனல் ஒரு குடும்பத்துக்கு எவ்வளவு மிச்சம் பிடித்துத் தரும் என்பதை வெயில் மட்டும் முடிவு செய்வதில்லை. கரண்டு பில்லின் கணக்குமுறையே முடிவு செய்கிறது. அந்தக் கணக்கு பத்தாண்டுக்குள் இரண்டு முறை மாறியது.

இந்த மொட்டைமாடிக் கணக்குக்கு முன்னோடி காற்றாலை என்றே சொல்வேன். ஆடிக்காற்றில் மிஞ்சிய யூனிட்டை மின்வாரியத்திடம் வரவு வைத்து, காற்று ஓய்ந்த மாதங்களில் திரும்ப எடுக்கும் 'பேங்கிங்' வசதி கோவை நூற்பாலைகளுக்கு நெடுங்காலம் இருந்தது; அதற்கு ஒரு கட்டத்தில் 5 சதவீதக் கட்டணமும் இருந்தது. 2013 நவம்பரில் மின்சார ஒழுங்குமுறை ஆணையம் நெட் மீட்டரிங்குக்கு ஆணையிட்டபோது அதே வரவு வீட்டுக்கும் வந்தது. இருவழி மீட்டரில் பகலில் வாரியத்தின் கம்பியில் ஏற்றிய யூனிட், இரவில் அதிலிருந்து இறக்கிய யூனிட்டுக்கு ஈடானது. ஆண்டுப் பயன்பாட்டில் 90 சதவீதத்தைத் தாண்டிய உற்பத்தி மட்டும் கணக்கில் சேரவில்லை. 2019 மார்ச்சில் ஆணையத்தின் புதிய ஆணையால் யூனிட் ரூபாயானது. ஏற்றிய மின்சாரத்துக்கு, வாரியத்தின் சராசரிக் கொள்முதல் விலையிலும் குறைவான தொகையே வரவு. அன்றைய கட்டணத்தில் இரு மாதத்துக்கு 800 யூனிட் இறக்கி 300 யூனிட் ஏற்றிய வீட்டை எடுத்துக்கொள்வோம். பழைய கணக்கில் அந்த 300 யூனிட்டும் 6 ரூபாய் 60 காசு என்ற உச்சப் படியிலிருந்தே கழியும். பில் 500-க்குள் நின்றுவிடுவதால் கீழ்ப்படிகளின் விலையும் இறங்கும். புதிய கணக்கில் இந்த இரண்டு ஆதாயமும் போயிற்று.

நண்பகல் யூனிட்டும் மாலை யூனிட்டும் ஒரே விலை பெறுமா, கம்பத்துக்கும் கம்பிக்கும் ஆகும் செலவைப் பக்கத்து ஒரகடத்தில் வாடகை அறையில் இருப்பவர் ஏன் சுமக்க வேண்டும் என்று யூனிட் கணக்கை எதிர்ப்பவர்கள் கேட்கிறார்கள். நியாயமான கேள்வி. ஆனால் மாடியிலிருந்து ஏறும் மின்சாரம் பெரும்பாலும் அதே தெருவில் செலவாகிறது. அங்கே வாரியம் முழு விலைக்கு விற்கிறது. கம்பிச் செலவு மிஞ்சினால், பேங்கிங்கில் வாங்கியதுபோல் பெயர் சொல்லி ஒரு கட்டணம் வாங்கலாம். யூனிட்டை ரூபாயாக்கி மதிப்பைக் கரைக்கத் தேவையில்லை.

2021 அக்டோபர் ஆணை வீடுகளுக்கு யூனிட் கணக்கைத் திருப்பித் தந்தது. கூடவே கம்பிச் செலவுக்கென்று வலையமைப்புக் கட்டணத்தையும் கொண்டுவந்தது. கார் ஆலைகளுக்கு உதிரிபாகம் செய்யும் சிறு பட்டறைகளை அது அழுத்தியது: தன் கூரையில் விளைந்து, தன் எந்திரத்திலேயே முடிந்து, தெருக்கம்பியைத் தொடாத யூனிட்டுக்கும் கட்டணம். 2023-இல் அரசு சிறு, குறுந்தொழில்களுக்கு அதைப் பாதியாக்கியது. கம்பியைத் தொடாத யூனிட்டுக்கு அந்தப் பாதியும் ஏன் என்பதற்கு எந்தக் காரணமும் எனக்குத் தெரியவில்லை.