கடுவன் பூனைகளின் சிறுநீர் அடைப்பு: சிகிச்சை வரலாறு

கடுவன் பூனையின் சிறுநீர்வழியில் மணல் போன்ற படிகங்கள், சிறு கற்கள் அல்லது சளித் திப்பி சிக்கிச் சிறுநீர் வெளியேறாமல் நிற்பது சிறுநீர் அடைப்பு எனப்படும். பெட்டைப் பூனையின் சிறுநீர்வழி குட்டையானது, அகலமானது. கடுவனுக்கு அது நீண்டு, ஆண்குறியின் நுனியில் ஏறக்குறைய ஒரு மில்லிமீட்டராகக் குறுகிவிடுகிறது. எனவே இந்த நோய் பெரும்பாலும் கடுவன்களையே தாக்குகிறது. முழு அடைப்பு ஏற்பட்டால் கழிவுகள் இரத்தத்தில் தேங்கும். பொட்டாசியம் கூடி இதயத் துடிப்பு தளரும். சிகிச்சை கிடைக்காவிட்டால் இரண்டு மூன்று நாட்களில் பூனை இறந்துவிடலாம்.

மாட்டாஸ்பத்திரியில் பூனை

தமிழகத்தில் கால்நடை மருத்துவக் கல்வி 1903இல் சென்னை சைதாப்பேட்டையில் தொடங்கியது. பின்னர் வேப்பேரிக்கு மாறிய அக்கல்லூரி 1935இல் சென்னைப் பல்கலைக்கழகத்துடன் இணைக்கப்பட்டது. அன்றைய மருத்துவர்களின் முதல் கவலை வெக்கை நோய், அடைப்பான், சப்பை நோய் ஆகியவற்றிலிருந்து உழவு மாட்டைக் காப்பது. மக்கள் வழக்கில் இன்றும் நிற்கும் ‘மாட்டாஸ்பத்திரி’ என்ற பெயரே அதற்குச் சான்று. பூனை எலி பிடிக்க வளர்க்கப்பட்டது. நோயுற்றால் அதை மருத்துவரிடம் தூக்கிச் செல்லும் வழக்கம் அரிதாகவே இருந்தது.

1985இல் மதுரையிலிருந்து பிரிந்து திண்டுக்கல் தனி மாவட்டமானது. 1989இல் தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகம் உருவானது. அதன் பயிற்சி மற்றும் ஆராய்ச்சி மையம் ஒன்று திண்டுக்கல்லிலும் செயல்படுகிறது. நகரங்களில் பூனை வீட்டு உறுப்பினராக மாறியபின், ஆடு மாடுகளுக்கு நடுவே கூடையில் பூனையோடு காத்திருப்பவர்களும் இம்மருத்துவமனைகளில் சேர்ந்துகொண்டனர்.

காரணத்தைத் தேடி

1970இல் அமெரிக்க ஆய்வாளர்கள் இந்நோய்த் தொகுதிக்குப் ‘பூனைச் சிறுநீரகவியல் நோய்க்குறி’ என்ற பொருளில் பெயரிட்டனர். 1971இல் வில்சன், ஹாரிசன் ஆகியோர் ஓர் அறுவை முறையை விவரித்தனர். குறுகிய நுனிப் பகுதியை நீக்கி, அகன்ற பகுதியை வெளியே திறந்து தைப்பது அதன் சாரம். அடைப்பு திரும்பத் திரும்ப வரும் பூனைகளுக்கு இன்றும் இதுவே செய்யப்படுகிறது.

மினசோட்டா பல்கலைக்கழகத்தில் கார்ல் ஆஸ்போர்ன் 1981இல் தொடங்கிய கல் ஆய்வு மையம், பூனைகளின் கற்களில் பெரும்பங்கு ஸ்ட்ரூவைட் எனக் காட்டியது. தீவன நிறுவனங்கள் மெக்னீசியத்தைக் குறைத்து, சிறுநீரை அமிலமாக்கும் உணவுகளைத் தயாரித்தன. ஸ்ட்ரூவைட் கற்கள் குறைந்தன. ஆனால் கால்சியம் ஆக்சலேட் கற்கள் பெருகின. ஒரு பக்கம் அடைத்த நீர் மறுபக்கம் உடைத்த கதை இது. பின்னர் டோனி பஃபிங்டனின் ஆய்வுகள், மனஅழுத்தமும் சிறுநீர்ப்பை அழற்சியைத் தூண்டும் என உணர்த்தின. உணவை மாற்றுவது மட்டும் போதாது, பூனை வாழும் வீட்டுச் சூழலையும் கவனிக்க வேண்டும் என்ற கருத்து அதன்பின் வலுப்பெற்றது.

சிகிச்சை முறை

மருத்துவர் முதலில் வயிற்றைத் தொட்டுப் பார்ப்பார். அடைபட்ட சிறுநீர்ப்பை கெட்டியான பந்துபோல் கையில் தட்டுப்படும். சிரைவழித் திரவம் ஏற்றி, பொட்டாசியம் மிகுந்திருந்தால் இதயத்தைக் காக்கக் கால்சியம் குளுக்கோனேட் செலுத்துவர். பின்னர் மயக்க மருந்து கொடுத்து, மெல்லிய வடிகுழாயை நுழைத்து உப்புநீரைப் பீய்ச்சி அடைப்பை நீக்குவர். இக்குழாய்களின் ‘பிரெஞ்ச்’ அளவு, 19ஆம் நூற்றாண்டுப் பாரிஸ் கருவி வினைஞர் ஷாரியேர் வகுத்தது. ஒரு பிரெஞ்ச் என்பது மூன்றில் ஒரு மில்லிமீட்டர். பூனைக்கு வழக்கமாக 3 அல்லது 3.5 பிரெஞ்ச் குழாய் பயன்படுகிறது.

பல நாள் உள்நோயாளிச் சிகிச்சைக்குப் பணமில்லாதவர்களின் பூனைகள் கருணைக்கொலைக்கு ஆளாவதுண்டு. இதற்கு மாற்றாக, 2010இல் ஒஹாயோ மாநிலப் பல்கலைக்கழகத்தார் ஒரு முறையை வெளியிட்டனர். வடிகுழாய் இன்றி, வலிநீக்கியும் அமைதிப்படுத்தும் மருந்தும் கொடுத்து, ஊசியால் சிறுநீரை இறக்கி, இருண்ட அமைதியான இடத்தில் பூனையை வைத்தனர். 15 பூனைகளில் 11 தாமாகவே சிறுநீர் கழித்தன. வடிகுழாய்க்கு இது முழு மாற்றன்று. ஆனால் வசதி குறைந்த இடங்களில் ஓர் உயிரைக் காக்கும் வாய்ப்பு.

திண்டுக்கல் வாசகர் அறிய வேண்டியது

வீட்டுப் பூனை பாலைநிலக் காட்டுப்பூனையின் வழிவந்தது; அதற்குத் தாக உணர்வு குறைவு. உலர் தீவனத்தில் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கே நீர். பழனி மலைகளுக்கும் சிறுமலைக்கும் இடைப்பட்ட வறண்ட சமவெளியின் கோடையில் உலர் தீவனம் மட்டும் கொடுப்பதைவிட, ஈரமான உணவும் பல இடங்களில் தண்ணீரும் வைப்பது நல்லது.

கடுவன் அடிக்கடி உட்கார்ந்து முக்குவதை மலச்சிக்கல் என நினைத்து விளக்கெண்ணெய் கொடுப்பதில்தான் பொன்னான நேரம் வீணாகிறது. வயிற்றை அழுத்தக் கூடாது. பாராசிட்டமால் பூனைக்கு நஞ்சு. சிறுநீர் வரவில்லை என்ற ஐயம் எழுந்தால் விடியும்வரை காத்திராமல் அன்றே மருத்துவரிடம் கொண்டுசெல்ல வேண்டும்.