தீக்குழம்புப் பாறையில் ஒரு போர்

போர்க்களம் என்றவுடன் நம்மிற் பலர் அகன்ற சமவெளியையே மனத்திற் கொள்வோம். சேனைகள் அணிவகுக்கவும் குதிரைகள் பாயவும் இடம் வேண்டுமன்றோ? கலிபோர்னியாவின் வடகிழக்கு மூலையில், ஆரிகன் மாநிலத்தின் எல்லையை ஒட்டி, இவ்வெண்ணத்தைப் பொய்யாக்கும் களம் ஒன்று உண்டு. அங்கே குதிரை பாய்வது கிடக்கட்டும்; கால் இடறாமல் மனிதன் நூறு கஜம் நடப்பதே அரிது. 1925ஆம் ஆண்டில் ஐக்கிய அமெரிக்க அரசினர் தேசிய நினைவிடமாக ஒதுக்கிய 'லாவா பெட்ஸ்' என்னும் அந்நிலம் ஏறத்தாழ 46,000 ஏக்கர் பரப்புடையது. அங்கு நான் நடந்து கண்டவற்றையும், 1872-73ஆம் ஆண்டுகளில் அந்நிலம் கண்ட போரையும் பற்றிச் சொல்ல விரும்புகிறேன்.

எரிமலை என்றால் வானளாவிய கூம்பை எதிர்பார்த்துச் செல்பவர் இங்கு ஏமாறுவர். 'மெடிசின் லேக்' எனப் பெயர்பெற்ற இவ்வெரிமலை, தரையிற் கவிழ்த்து வைத்த கேடயம் போலத் தாழ்ந்து அகன்று கிடக்கிறது. அதன் வட சரிவில் உருகி வழிந்த குழம்பு உறைந்த இடமே இப்பூங்கா. பாறையிற் பெரும்பகுதி முப்பதாயிரம் ஆண்டுகளுக்கும் முற்பட்டது. காய்ச்சிய பாலின்மீது ஏடு படிவதுபோல், ஓடும் குழம்பின்மீது முதலில் மேலோடு உறைகிறது; உள்ளே வெப்பம் மாறாத குழம்பு தொடர்ந்து ஓடி வடிந்துவிடுகிறது; எஞ்சுவது வெறுங் குழாய். இத்தகைய குகைகள் இங்கு 700க்கு மேல் உள்ளன. சிலவற்றின் அடியில் கோடையிலும் பனிக்கட்டி கரைவதில்லை. நெருப்பு குடைந்த குழியில் பனி குடியிருப்பது இயற்கையின் வேடிக்கைகளுள் ஒன்று.

ஆயினும் என் மனத்தைக் கவர்ந்தவை குகைகள் அல்ல. பூங்காவின் வடவிளிம்பில் 'காப்டன் ஜாக்கின் அரண்' என்னும் பகுதி இருக்கிறது. அதன் நடைபாதை ஒன்றரை மைலுக்கு மேற்படாது. தொலைவிலிருந்து நோக்கினால், புதர் மண்டிய தட்டைநிலம் போலவே தோன்றும். உள்ளே இறங்கியபின்னரே உண்மை விளங்குகிறது. குழம்பின் மேலோடு உப்பியும் சரிந்தும் பிளந்ததால், ஆளுயரப் பள்ளங்கள் ஒன்றோடொன்று பின்னி ஓடுகின்றன. பள்ளத்துள் நிற்பவனுக்கு வெளியே வருபவன் தெரிவான். வருபவனுக்கோ உள்ளிருப்பவன் தென்படமாட்டான். நீரரண், நிலவரண், மலையரண், காட்டரண் என நால்வகை அரண்களை நம் நூல்கள் வகுத்துரைக்கும். இதனை அவற்றுள் எதில் அடக்குவது என்று எனக்குத் தெரியவில்லை.

இவ்வரணை நாடி வந்தவர்கள் மோடாக் என்னும் பழங்குடி மக்கள். டூல் ஏரியின் கரைகளும், அதிற் கலக்கும் லாஸ்ட் ஆற்றின் கரைகளும் தொன்றுதொட்டு அவர்களுடையவை. வெள்ளையர் குடியேற்றம் பெருகவே மோதல்கள் மூண்டன. 1852இல் பென் ரைட் என்பவன் தலைமையில் வந்த கூட்டம், சமாதானம் பேசுவதாக அழைத்து மோடாக்குகளிற் சுமார் நாற்பதின்மரைக் கொன்றது. இதனை மாணவர்கள் நினைவிற் கொள்ள வேண்டும். பின்னர் நடந்தவற்றை விளங்கிக்கொள்ள இது உதவும்.

1864இல் ஓர் உடன்படிக்கை மூலம் மோடாக்குகள் தம் நிலத்தை விட்டுக் கிளாமத் மக்களின் ஒதுக்கிடத்திற்கு அனுப்பப்பட்டனர். அங்கே அவர்கள் வேண்டாத விருந்தினர். கின்ட்புவாஷ் என்னும் தலைவர், தம்மைச் சார்ந்தோருடன் லாஸ்ட் ஆற்றங்கரைக்கே திரும்பினார். இவருக்கு வெள்ளையர் இட்ட பெயரே காப்டன் ஜாக். தம் ஆற்றங்கரையில் சிறு ஒதுக்கிடம் ஒன்று வேண்டும் என்பதே இவர் கேட்டது. அது கிட்டவில்லை. 1872 நவம்பர் 29ஆம் நாள் விடியற்காலையில் படை வந்து அவர்களை வளைத்தது, துப்பாக்கிகள் வெடித்தன. ஒரு சாரார் ஏரியைக் கடந்து இப்பாறைநிலத்திற்கு வந்தனர். ஹூக்கர் ஜிம் என்பவனைச் சார்ந்த மற்றொரு சாரார், வரும் வழியிற் குடியேறிகள் பலரைக் கொன்றுவிட்டு வந்து சேர்ந்தனர். பெண்டிரும் பிள்ளைகளும் உட்பட அரணிற் புகுந்தோர் ஏறத்தாழ 150 பேர். அவருட் போர் புரிய வல்லோர் அறுபதுக்கு மேல் இல்லை.

1873 ஜனவரி 17 அன்று முந்நூறுக்கு மேற்பட்ட வீரர்கள் மூடுபனியினூடே அரணைத் தாக்கினர். மாலைக்குள் சுமார் 35 பேர் மாண்டனர். மோடாக்குகளின் பக்கம் ஓர் உயிரும் போகவில்லை. நாள் முழுதும் போரிட்டும் ஒரு மோடாக்கைக்கூடக் கண்ணாற் கண்டதில்லை என்று படையினர் கூறினர். அப்பள்ளங்களில் நடந்து பார்த்தவர் இதனை மிகையென்று கொள்ளார்.

பின்னர் சமாதானக் குழு ஒன்று அமைந்தது. ஆனால் அரணுக்குள்ளே பிளவு இருந்தது. குடியேறிகளைக் கொன்றோர், சமாதானம் ஏற்பட்டால் தமக்குத் தூக்குக் கயிறே பரிசு என்று அஞ்சினர். வெள்ளையர் தலைவனைக் கொன்றால் படை கலைந்துவிடும் என்பது அவர்கள் வாதம். தயங்கிய காப்டன் ஜாக்கைப் பெண்ணுடை போர்த்தி எள்ளி நகையாடினர் என்பர். தலைவர் பணிந்தார். ஏப்ரல் 11ஆம் நாள், புனித வெள்ளியன்று, பேச்சுக்கென அமைத்த கூடாரத்தருகே ஜெனரல் கான்பியை அவரே சுட்டுக் கொன்றார். தாமஸ் என்னும் பாதிரியாரும் கொல்லப்பட்டார். மொழிபெயர்ப்பாளராக இருந்த டோபி ரிடில் என்னும் மோடாக் மாது முன்கூட்டியே எச்சரித்தும் அவ்விருவரும் கேட்கவில்லை. படுகாயமுற்ற மீச்சம் என்பவரின் உயிரைக் காத்தவரும் அம்மாதே. சமாதானம் பேச வந்தவரைக் கொன்றது கொடுஞ்செயல். அதனை நான் மறைக்க விரும்பவில்லை. ஆயின் 1852ஐ மறந்து 1873ஐ மட்டும் எழுதும் நூல்களையும் நான் நம்புவதில்லை.

அதன்பின் அரசு இரக்கம் காட்டவில்லை. படையினர் ஏரிக்கும் அரணுக்கும் இடையே புகுந்து தண்ணீரைத் தடுத்தனர். ஏப்ரல் 17 அன்று உள்ளே நுழைந்தபோது அரண் வெறிச்சோடிக் கிடந்தது. இரவோடிரவாக மோடாக்குகள் தென்பால் நழுவிவிட்டனர். பாறை காத்தது, தாகம் வெளியேற்றியது. பிறகு அவர்கள் சிறுசிறு குழுக்களாகச் சிதறினர். தலைவரைக் கொலைக்குத் தூண்டிய ஹூக்கர் ஜிம்மும் அவன் தோழர் மூவரும் சரணடைந்து, படைக்கு வழிகாட்டிகளாகி, அவரையே வேட்டையாட உதவினர். ஜூன் 1 அன்று காப்டன் ஜாக் பிடிபட்டார். விசாரணையிற் கைதிகளுக்கு வழக்கறிஞர் எவரும் இல்லை. ஹூக்கர் ஜிம் அங்கே சாட்சியாக வந்து நின்றான், குற்றவாளியாக அல்ல. அக்டோபர் 3ஆம் நாள் கிளாமத் கோட்டையில் காப்டன் ஜாக்கும் வேறு மூவரும் தூக்கிலிடப்பட்டனர். எஞ்சிய மோடாக்குகள், பிற்காலத்தில் ஓக்லஹோமா எனப்பட்ட நெடுந்தொலைவு நிலத்திற்கு ரயிலேற்றப்பட்டனர். 1909இல்தான் தாயகம் திரும்ப அவர்களுக்கு இசைவு கிடைத்தது.

ஆதாரங்களை ஆய்வதில் ஆர்வமுள்ள மாணவருக்கு ஒரு செய்தி. புகழ்பெற்ற நிழற்படக்காரர் எட்வர்ட் மைபிரிட்ஜ் இப்போரின்போது அங்கு வந்து படமெடுத்தார். பாறைமேற் கவிந்து துப்பாக்கியைக் குறிவைக்கும் 'மோடாக் வீரன்' படம் மிகவும் பரவியது. உண்மையில் அப்படத்தில் இருப்பவர் மோடாக்கே அல்லர். படையினர் பக்கம் பணிபுரிந்த வேற்றுக்குடி ஒற்றர்!

இன்று அரணின் மேட்டில் ஏறி வடக்கே நோக்கினால் அந்தப் பழைய ஏரி தென்படாது. இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் நீரை வடித்து, ஏரியின் பெரும்பகுதியை வயல்களாக்கிவிட்டனர். அந்நிலப்பரப்பைச் சார்ந்தே 1942 முதல் 1946 வரை ஜப்பானிய மரபினரான அமெரிக்கர்களை அடைத்து வைத்த முகாம் இயங்கியது. ஒரு காலத்தில் 18,000க்கு மேற்பட்டோர் அங்கிருந்தனர். பின்னர் முகாம் நிலத்தின் ஒரு பகுதி சிறு விமானத்தளமாயிற்று. 2018இல் ஓக்லஹோமாவில் வாழும் மோடாக்குகள், தம் மூதாதையர் மண் என்று அத்தளத்தை விலைக்கு வாங்கினர். முகாமில் அடைபட்டோரின் வழிவந்தவர்கள், அது தம் பெற்றோர் துயருற்ற இடம் என்று வழக்குத் தொடுத்தனர்.