யாரு கட்டின பள்ளிக்கூடம்?

அமெரிக்காவின் தென் மாநிலங்களில், கறுப்பர் வாழ்ந்த சிற்றூர்களில், மரப்பலகையால் கட்டிய பழைய பள்ளிக்கூடங்கள் சில இன்றும் நிற்கின்றன. சுவரை அடைத்தாற்போல வரிசையாக உயரமான சன்னல்கள். கரண்டு இல்லாத ஊரு. பகல் வெளிச்சத்துலயே பிள்ளைங்க படிச்சாகணும். தொடக்கத்தில் அதற்கான வரைபடங்களைப் போட்டுக் கொடுத்தது கறுப்பர்களின் டஸ்கிகீ கல்வி நிறுவனம். ஆனால் இவற்றுக்கு வழங்கும் பெயர் ‘ரோசன்வால்ட் பள்ளி’.

ஜூலியஸ் ரோசன்வால்ட், சியர்ஸ் நிறுவனத்தை நடத்திய சிகாகோ வணிகர். டஸ்கிகீயின் புக்கர் டி. வாஷிங்டன் கேட்டுக்கொண்டதால் 1912இல் ஆறு பள்ளிகளுக்குப் பணம் தந்தார். முதல் பள்ளி 1913இல் அலபாமாவின் லோச்சபோக்காவில் எழுந்தது. 1932க்குள் 15 மாநிலங்களில் 4,977 பள்ளிகள். வள்ளல் பெயர் நிலைத்துவிட்டது. கட்டினவங்க பேரு?

கணக்கைப் பார்ப்போம். ரோசன்வால்ட் நிதி தந்தது சுமார் 44 லட்சம் டாலர். கறுப்பின மக்கள் தந்தது 47 லட்சத்துக்கும் மேல். ஊரார் தங்கள் பங்கைத் திரட்டினால்தான் நிதி வரும் என்பது நிபந்தனை. பெரும்பாலோர் குத்தகை விவசாயிகள், கூலிகள். பள்ளிக்கென்று ஒரு துண்டு நிலத்தில் பருத்தி போட்டாங்க. கோழி வித்தாங்க. மரம் வெட்டிப் பலகை அறுத்தாங்க. அலபாமாவில் ஓர் ஊர்க்கூட்டத்தில், அடிமைக் காலத்தைப் பார்த்த முதியவர் ஒருவர் எண்ணெய்ப் பிசுக்கேறிய பையை மேசைமேல் கவிழ்த்தார். ஆயுசு முழுக்கச் சேர்த்த சில்லறை. எண்ணினால் 38 டாலர்.

இவர்கள் ஏற்கெனவே வரி கட்டியவர்கள். அந்த வரிப்பணத்தில் பெரும்பகுதி வெள்ளையர் பள்ளிகளுக்குப் போனது. ஆகவே தங்கள் பிள்ளைகளுக்காக இரண்டாவது முறையும் கட்டினார்கள். வரலாற்றாசிரியர் ஜேம்ஸ் டி. ஆண்டர்சன் இதை இரட்டை வரி என்றே சொல்கிறார். கட்டி முடித்ததும் நிலமும் கட்டடமும் அரசுக் கல்வி நிர்வாகத்தின் பெயரில் எழுதித் தரப்பட்டன.

1954இல் இனப்பிரிப்புப் பள்ளிகள் செல்லாது என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. தீர்ப்பு நம்ம பக்கம்தான். ஆனால் அது நடைமுறைக்கு வந்தபோது மூடப்பட்டவை பெரும்பாலும் கறுப்பர் பள்ளிகளே. கறுப்பின ஆசிரியர்கள் ஆயிரக்கணக்கில் வேலை இழந்தனர். தாங்கள் எழுப்பிய கட்டடத்தைச் சில ஊர்க்காரர்கள் மறுபடி விலை கொடுத்து வாங்க வேண்டியிருந்தது. 2002இல் இப்பள்ளிகள் அழியும் ஆபத்திலுள்ள வரலாற்றிடங்களின் பட்டியலில் சேர்ந்தன.

குடியுரிமைப் போராளி ஜான் லூயிஸ் படித்ததும் இப்படியொரு பள்ளியில்தான்.

பெயர்ப்பலகையில் தொடங்கி எழுதினால் இது வள்ளலின் வரலாறு. மண் யாருது, பலகை யார் அறுத்தது, பட்டா யார் பேருக்குப் போச்சு என்று கேட்டு எழுதினால் மக்களின் வரலாறு. நம்ம சேரிப் பள்ளிக்கூடங்களின் கதையையும் அங்கிருந்தே எழுதத் தொடங்குவோம்.