12 தாய்மார்கள் கூடிய சின்ன வீடு

இந்த மலரில் நம்ம கூட்டமைப்பின் வரலாற்றைப் பலரும் எழுதுவார்கள். நம்மைப் போலவே ஒன்றுகூடிய வேறு நாட்டுத் தாய்மார்களைப் பற்றி நான் எழுதுகிறேன்.

அமெரிக்காவில் லூயிஸ் டிரேசி என்று ஒரு அம்மா இருந்தார். கணவர் ஸ்பென்சர் டிரேசி, பின்னாளில் பெரிய சினிமா நடிகர். 1924-ல் அவர்களுக்கு ஜான் என்ற மகன் பிறந்தான். பத்து மாதத்தில், கதவு படாரென்று அடித்தும் தூங்கிய பிள்ளை அசையவில்லை. அப்போதுதான் அவனுக்குக் காது கேட்காது என்று தெரிந்தது. அன்றைய வைத்தியத்தில் அதற்கு வழி இல்லை.

பிள்ளையின் நாக்கில் குறை இல்லை, பேச்சு காதில் விழாததால்தான் வாய் பேசவில்லை என்று லூயிஸ் புரிந்துகொண்டார். பள்ளிக்கூட வயசு வரை காத்திருந்தால் பேச்சு படிகிற காலம் போய்விடும். அதனால் வீட்டிலேயே ஆரம்பித்தார். முகத்துக்கு நேரே உட்கார்ந்து, பொருளைக் காட்டிக் காட்டி, உதடு தெரியப் பேசினார். ஜானும் உதட்டைப் பார்த்துப் புரிந்துகொள்ளவும் பேசவும் கற்றான். வளர்ந்து டிஸ்னி ஸ்டுடியோவில் ஓவியராக வேலை பார்த்தான்.

1942-ல் லாஸ் ஏஞ்சலஸ் நகரில், பல்கலைக்கழக வளாகத்து சின்ன வீடு ஒன்றில் 12 தாய்மார்களோடு லூயிஸ் கூடினார். அதுதான் ஜான் டிரேசி கிளினிக் ஆனது. அங்கே பாடம் முதலில் பெற்றோருக்குத்தான். கட்டணம் கிடையாது. தூரத்துத் தாய்மார்களுக்காக 1943-ல் தபால் வழிப் பாடமும் தொடங்கினார்கள்.

நம்ம குழு தொடங்கவும் 12 பேர் போதும்தானே!

நம்ம ஊரில் பிள்ளை பேசலேன்னா, "அவன் அப்பனே நாலு வயசுலதான் பேசினான்" என்று சொல்லிவிடுகிறோம். அந்தச் சொல்லிலேயே மூணு வருஷம் ஓடிப்போகும். கடைசியில் பழி பெத்தவள் தலையில்தான் விழும். இப்போது வைத்தியம் இருக்கிறது. பிறந்த குழந்தைக்கே காது கேட்கும் பரிசோதனை செய்யலாம். காது மிஷின் இருக்கிறது. அதுவும் பத்தாத பிள்ளைகளுக்கு, ஆறு வயதுக்குள் என்றால், முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்திலேயே காக்ளியர் ஆபரேஷன் செய்கிறார்கள். அதற்குப் பிறகும் தினமும் பேசிப் பேசிப் பழக்குவது வீட்டு ஆட்கள் வேலைதான்.

அதனால் கூட்டத்தில் சேமிப்பு, கடன் கணக்கு முடிந்ததும், கைக்குழந்தை வைத்திருப்பவர்களிடம் ஒரு வார்த்தை கேளுங்க: பிள்ளை சத்தத்துக்குத் திரும்புதா? சந்தேகம் இருந்தா அந்தத் தாயைத் தனியா ஆஸ்பத்திரிக்கு அனுப்பாதீங்க. நம்ம குழுவிலேர்ந்து ஒருத்தர் கூடப் போங்க.